வளைவின் சாய்வு யார் கையில்?

வளைவில் திரும்பும் பேருந்தை வெளிப்பக்கம் தள்ளும் விசையை இரண்டு சேர்ந்து தாங்குகின்றன. ஒன்று டயருக்கும் தார்ப்பரப்புக்கும் இடையிலான உராய்வு. மற்றொன்று வெளி ஓரத்தை உள் ஓரத்தைவிட உயர்த்திக் கட்டும் சாய்வு. பொறியாளர்கள் இந்தச் சாய்வைச் சூப்பர் எலிவேஷன் என்பார்கள். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகத்தின் வர்க்கத்தை, மீட்டரில் அளந்த ஆரத்தின் 127 மடங்கால் வகுத்தால், இவ்விரண்டும் சேர்ந்து சுமக்க வேண்டிய மொத்தம் கிடைக்கும். இந்தக் கணக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொது. அந்த மொத்தத்தில் எவ்வளவைச் சாய்வுக்குக் கொடுப்பது, எவ்வளவை உராய்வுக்கு விடுவது என்பதில்தான் இரு நாட்டு வழக்கமும் பிரிகிறது. இன்று அந்தப் பங்கீட்டை வடிவமைப்பு மென்பொருளே செய்கிறது. ஆகவே எந்த விதி சிறந்தது என்பதைவிட, மென்பொருளுக்குள் இருக்கும் விதியை எழுதியது யார் என்ற கேள்வியே முக்கியம் என்பது என் வாதம்.

இந்திய விதி மிக எளியது. 1934இல் தொடங்கிய சாலைப் பொறியாளர் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், வளைவுகளுக்கென 1988இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் அதை வகுத்திருக்கிறது. வடிவமைப்பு வேகத்தில் 75 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, உராய்வே இல்லை என்று வைத்துச் சாய்வைக் கணக்கிட வேண்டும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தின் 225 மடங்கால் வகுப்பதும் அதுவும் ஒன்றுதான். விடை சமதளத்தில் 7 சதவீதத்தையும், பனி பெய்யாத மலையில் 10 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. மிச்சம் உராய்வின் தலையில், அது 0.15க்குள் அடங்க வேண்டும். மாட்டு வண்டியும் உயரமாகச் சுமையேற்றிய லாரியும் ஒரே தடத்தில் ஊரும் நாட்டுக்கு இந்த வரம்பு பொருத்தமானது. அதிகச் சாய்வில் மெதுவாகப் போகும் உயரமான சுமை உள்பக்கம் சரியும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த சாலையில் ஆரம் சுமார் 406 மீட்டருக்குக் குறைந்ததுமே சாய்வு 7 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. அங்கிருந்து 230 மீட்டர் வரை எல்லா வளைவுக்கும் அதே சாய்வுதான். உராய்வின் சுமையோ ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கமான ஆஷ்டோவின் அட்டவணைகள் இப்படிச் செய்வதில்லை. அவற்றில் சாய்வு படிப்படியாக ஏறி, மிகக் குறைந்த ஆரத்தில்தான் உச்சத்தை அடையும். ஓட்டுநருக்கு அதுவே இயல்பாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இலங்கையிலும் தரநூல் இல்லாமல் இல்லை. வீதி அபிவிருத்தி அதிகார சபை 1998இல் வடிவியல் வடிவமைப்புத் தரங்களை வெளியிட்டது. அங்கே சாய்வையும் உராய்வையும் சேர்த்தே பார்க்கும் மரபு உண்டு. ஆனால் பெரிய வீதிகள் கடனில் எழுகின்றன. கொட்டாவையிலிருந்து காலி வரை 2011இல் திறந்த தெற்கு அதிவேக நெடுஞ்சாலைக்கு ஜப்பானும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் கடன் கொடுத்தன. அம்பாந்தோட்டை நோக்கிய நீட்சிக்குச் சீனா கொடுத்தது. கடன் மாறும்போது ஆலோசகர்கள் மாறுகிறார்கள், அவர்கள் பழகிய நூலும் மாறுகிறது. சிவில் 3டி போன்ற மென்பொருளை நிறுவியதும் ஆஷ்டோ அட்டவணைகள் தயாராக நிற்கின்றன. உள்நாட்டு விதி வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து அதற்கென ஒரு கோப்பை எழுத வேண்டும். இந்திய விதிக்கும் அப்படி ஒரு கோப்பு வேண்டும். ஆனாலும் 225 என்ற ஓர் எண் நினைவிருந்தால் போதும், இளநிலைப் பொறியாளர் களத்தில் நின்றபடியே திரையின் விடையைச் சரிபார்த்துவிடலாம். ஆஷ்டோவின் அட்டவணையை அப்படி மனக்கணக்கில் மடக்க முடியாது. இந்திய விதியின் உண்மையான பலம் இந்த எளிமையே.

மென்பொருள் வெறும் கருவி, பொறியாளர் விரும்பிய எண்ணைக் கையால் திருத்தலாமே என்பார்கள். திருத்தலாம். ஆனால் நில எடுப்புக்காகவோ ஒரு கோயிலுக்காகவோ பாதைக்கோடு நகர்ந்தால் சாய்வுக் கணக்கு காலாவதியாகும். மறுபடி கணக்கிடும்போது கைத்திருத்தம் அழிந்துபோகும். விதிக்கோப்பில் இருப்பது மட்டுமே ஒவ்வொரு திருத்தத்தையும் தாண்டி நிலைக்கும். மலைச்சாலையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். 7 மீட்டர் அகலச் சாலையை நடுக்கோட்டைச் சுற்றி 10 சதவீதம் சாய்த்தால் வெளி ஓரம் 35 சென்டிமீட்டர் உயரும். இந்திய விதி மலையில் அந்த ஓரம் நீளவாக்கில் 60க்கு 1 என்ற விகிதத்தில் ஏறுவதை அனுமதிக்கிறது. அதற்கு 21 மீட்டர் நீளம் போதும். சமதளத்துக்குரிய 150க்கு 1 என்ற விகிதம் கோப்பில் இருந்தால் 52.5 மீட்டர் தேவை. எதிரெதிர் வளைவுகள் இரண்டுக்கும் இடையே 50 மீட்டர்தான் இருக்கிறது என்றால், முதல் விதியில் இரண்டும் அடங்கும், இரண்டாவதில் மோதும். மோதலை நானே தீர்க்கட்டுமா என்று மென்பொருள் கேட்கும். ஆம் என்று அழுத்துபவர், பயணியின் பாதுகாப்பைப் பற்றிய ஒரு முடிவை ஆராயாமலே எடுத்துவிடுகிறார்.

இலங்கையின் கடுகண்ணாவை ஏற்றத்திலோ, மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவிலோ, தமிழ்நாட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலோ ஏற்கெனவே கிடக்கும் சாலைக்கு விதியால் என்ன பயன் என்றும் கேட்பார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எங்கே உயர்த்துவது? உண்மைதான். ஆனால் இடமில்லாத இடத்தில்தான் கணக்கு கறாராக இருக்க வேண்டும். 14 மீட்டர் ஆரத்தில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு 10 சதவீதச் சாய்வு கொடுத்தாலும் உராய்வு 0.125 சுமக்க வேண்டியிருக்கிறது. மீதம் மிகக் குறைவு. அதோடு கொண்டை ஊசி வளைவில் உள் ஓரத்தின் ஏற்றம் நடுக்கோட்டைவிடக் கடுமையாக இருக்கும். அதனால்தான் இந்திய மலைச்சாலை விதி அங்கே நீளவாக்குச் சரிவை 40க்கு 1 என்று கட்டுப்படுத்துகிறது. நடுக்கோட்டின் நெடுக்குவெட்டை மட்டும் திரையில் பார்ப்பவருக்கு இது தெரியாது. சாய்வு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும்போது குறுக்கே சமமாகிவிடும் இடமும் அப்படித்தான்; நீளவாக்கிலும் சரிவில்லையென்றால் மழைநீர் அங்கேயே நிற்கும். இலங்கையின் ஈர வலயத்தின் வழியாகவும் ஓடும் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை போன்ற அகன்ற வீதிகளுக்கு இது சிறிய விஷயமே இல்லை.

எனவே இரு நாட்டு அமைப்புகளும் தங்கள் தரநூலை அச்சில் விடுவதோடு நிறுத்தாமல், மென்பொருள் நேரடியாக ஏற்கும் அதிகாரபூர்வமான விதிக்கோப்பாகவும் இலவசமாக வெளியிட வேண்டும். இலங்கை அதை ஒவ்வொரு கடன் ஒப்பந்தத்திலும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். இந்தியா தன் கோப்பை எழுதும்போது, 7 சதவீதத்தைத் தொட்டபின் ஒவ்வொரு வளைவிலும் உராய்வு எவ்வளவு சுமக்கிறது என்பதையும் திரையில் காட்டச் செய்ய வேண்டும்.