16,000 ரூபாய் டேபிள் சா: எதைப் பார்த்து வாங்குவது?

நண்பன் ஒருவன் ஆன்லைனில் 16,000 ரூபாய்க்கு ஒரு டேபிள் சா வாங்கினான். 10 இன்ச் பிளேடு, 1800 வாட் மோட்டார், மடக்குக் கால். ஒரு ஆள் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடலாம். வாங்கிய மூன்றாவது வாரம் அது ஒரு தேக்குச் சட்டத்தை அவன் வயிற்றில் எறிந்தது. பெரிய காயம் இல்லை, பத்து நாள் நீலமாகக் கன்றிப்போய் இருந்தது, அவ்வளவுதான். "மெஷின் சரியில்லையா, நான் சரியில்லையா, பார்த்துச் சொல்லு" என்று மெஷினையே கொண்டுவந்து என் வீட்டில் இறக்கிவிட்டான். இரண்டு மாதம் என்னிடம் இருந்தது. இந்தக் குறிப்பு அதிலிருந்து வந்தது.

பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பெரிய உபயோகம் இல்லை. இந்த விலையில் வருகிற மெஷின்கள் பலவும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரிதான், நிறமும் ஸ்டிக்கரும் மட்டும் வேறு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் போதும். யுனிவர்சல் மோட்டார், அதாவது மிக்ஸியில் இருக்கிற அதே வகை. அதனால் சத்தம் காதைக் கிழிக்கும், காதடைப்பான் இல்லாமல் போடவே கூடாது. ஆனால் 18 மி.மீ. பிளைவுட்டையும் ஒன்றரை இன்ச் தேக்கையும் திணறாமல் அறுத்தது. யூடியூபில் பட்ஜெட் மெஷின் வீடியோக்களைப் பாருங்கள், பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பெட்டியைப் பிரிப்பது, புது பிளேடில் ஒரு பலகையை அறுப்பது, "செம பவர் பாஸ்" என்று முடிப்பது. எனக்கு அந்த வீடியோக்கள் மேல் இருக்கிற வருத்தமே இதுதான். டேபிள் சாவில் பவர் ஒரு பிரச்சினையே இல்லை. புது பிளேடு போட்டால் எந்த மெஷினும் முதல் பலகையை நன்றாக அறுக்கும். ஐம்பதாவது பலகையும் முதல் பலகையும் ஒரே அகலத்தில் வருகிறதா என்பதுதான் கேள்வி.

அதைத் தீர்மானிப்பது ஃபென்ஸ். மரத்தை எந்தப் பட்டையை ஒட்டித் தள்ளுகிறோமோ அந்தப் பட்டை. அது பிளேடுக்கு இணையாக நிற்க வேண்டும், ஒவ்வொரு தடவை நகர்த்திப் பூட்டும்போதும் இணையாகவே நிற்க வேண்டும். சோதிப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை முழுசாக உயர்த்தி, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது ஃபென்ஸ் வரை அளந்து, அதே பல்லைப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். வேறு பல்லை அளந்தால் பிளேடில் இருக்கிற நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். நான் ஃபென்ஸை 100 மி.மீ.க்கு வைத்துப் பத்து தடவை கழற்றி மாட்டி அளந்தேன். ஏழு தடவை பின்பக்கம் உள்ளே வந்திருந்தது. அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை. காரணம் கண்ணுக்கே தெரிந்தது: முன்பக்கம் ஒரு லீவர், பின்பக்கம் தனியாக ஒரு கொக்கி. முன்னால் இறுக்கும்போது பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பும் பின்பும் அளந்தால் சமாளிக்கலாம். ஆனால் கையால் அளந்து அளந்து அறுப்பதற்கு மெஷின் எதுக்கு?

விலை கூடின போர்ட்டபிள் மெஷின்களில் என்ன செய்கிறார்கள் என்றால், உதாரணமாக டிவால்ட்டில் ஃபென்ஸின் முன் பின் இரண்டு பக்கத்தையும் பல்சட்டமும் பல்சக்கரமும் வைத்து ஒரே குமிழால் நகர்த்துகிறார்கள். இரண்டு முனையும் சேர்ந்தேதான் நகர முடியும். அவர்கள் கேட்கிற கூடுதல் காசில் பெரும்பகுதி மோட்டாருக்கு இல்லை, இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போ வயிற்றடிக்கு வருவோம். பின்பக்கம் உள்ளே சாய்ந்த ஃபென்ஸ் அளவைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. பிளேடின் முன்பல் கீழே இறங்குகிறது, மரத்தை மேசையோடு அழுத்துகிறது. பின்பல் மேலே ஏறுகிறது. ஃபென்ஸ் மரத்தைப் பின்பல் பக்கம் நெருக்கினால், ஏறுகிற பல் மரத்தைக் கவ்வித் தூக்கி, நம்மைப் பார்த்து எறியும். வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 254 மி.மீ. பிளேடு நிமிஷத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் பல் நுனி நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஓடுகிறது. மணிக்கு 240. தள்ளிக்கொண்டிருக்கிற கை அந்த இழுப்பில் பிளேடு பக்கம் போய்விட்டால் விரல் போகும். நண்பனுக்கு வயிற்றோடு போனது அதிர்ஷ்டம்.

இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ரிவிங் நைஃப் என்று ஒரு இரும்புத் தகடு. பெயர்தான் கத்தி, வெட்டாது. அறுத்த பிளவுக்குள் நின்றுகொண்டு மரம் மறுபடி மூடாமல், பின்பல்லைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும். பிளேடு ஏறி இறங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்க வேண்டும். இந்த மெஷினில் அது இருந்தது, ஏறி இறங்கவும் செய்தது. பின்னே அடி எப்படிப் பட்டது? நண்பனைக் கேட்டேன். "அதைக் கழட்டிட்டேன். மரம் அதுல போய் முட்டி முட்டி நின்னுச்சு" என்றான்.

ஏன் முட்டியது என்பதுதான் எனக்கு இந்த இரண்டு மாதத்தில் கிடைத்த உருப்படியான விஷயம். மெஷினோடு வந்த பிளேடு பிளைவுட்டின் ஓரத்தைப் பிய்த்ததால், கடையில் 60 பல் மெல்லிசு பிளேடு ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறான். நல்ல பிளேடுதான். ஆனால் அது அறுக்கிற பிளவின் அகலம் 2.2 மி.மீ., ரிவிங் நைஃபின் தடிமன் 2.3. பிளவை விடத் தகடு தடிமனாக இருந்தால் மரம் எப்படிப் போகும்? தகடு பிளேடின் உடம்பை விடத் தடிமனாகவும், பல் அறுக்கிற பிளவை விட மெல்லிசாகவும் இருக்க வேண்டும். மெஷினோடு வந்த பிளேடுக்கு 2.8 மி.மீ. பிளவு, அதற்குச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். பிளேடு வாங்கும்போது இந்தக் கணக்கைப் பார்க்கணும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, மெஷினோடு வந்த புத்தகத்திலும் இல்லை. பாதுகாப்புத் தகட்டைக் கழற்றியது அவன் தப்பு. கழற்ற வைத்தது யார் தப்பு என்று எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

அமெரிக்காவில் சாஸ்டாப் என்று ஒரு மெஷின் உண்டு. இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய ஸ்டீபன் காஸ் என்ற காப்புரிமை வழக்கறிஞர் கண்டுபிடித்தது. பிளேடில் சின்ன மின் சிக்னல் ஓடும், விரல் பட்டால் சிக்னல் மாறும், உடனே ஒரு அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து 5 மில்லி செகண்டுக்குள் நிறுத்திவிடும். அந்தக் கட்டையும் பிளேடும் போச்சு, விரல் மிச்சம். பட்ஜெட் மெஷினில் இதை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் சின்ன விலையில் செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், அதுதான் கோபம்: ஸ்விட்ச். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மெஷின் தானாக ஓடக்கூடாது, நாம் மறுபடி பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓட வேண்டும். அப்படிப்பட்ட ஸ்விட்ச் ஒன்றும் அதிசயமான பொருள் இல்லை. இதில் இருப்பது சாதா ஸ்விட்ச். கரண்ட் போனதும் சிக்கிய மரத்தை எடுக்கக் கையை விடுவது மனித இயல்பு. நம்ம ஊரில் கரண்ட் எப்போ வரும் என்று யாருக்குத் தெரியும்? தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், நான் மாட்டிவிட்டேன். கூடவே இன்னொன்று: 1800 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் பக்கம் இழுக்கும். வீட்டில் சின்ன பிளக் 6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பெரிய பிளக்கில்தான் போட வேண்டும், எக்ஸ்டென்ஷன் ஒயரும் அதற்குத் தகுந்த தடிமனில்.

"வீட்டுக்கு வார்ட்ரோப், கிச்சன் அலமாரி நானே செய்யப்போறேன்" என்று இந்த மெஷினைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 8க்கு 4 பிளைவுட், 18 மி.மீ., முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். மெஷினே அதை விட லேசு. பலகையை ஏற்றினால் மெஷின் சாயும். இதில் ஃபென்ஸ் 250 மி.மீ.க்கு மேல் தள்ளிப் போகாது, கிச்சன் அலமாரியின் ஆழமோ 550க்கு மேல். அந்த வேலைக்கு ஒரு கைச் சர்குலர் சா, நேரான அலுமினியச் சட்டம் ஒன்று, இரண்டு ஜி கிளாம்ப் போதும். பாதி விலை. பலகை தரையில் தெர்மாகோல் மேல் கிடக்கும், மெஷின்தான் நகரும்.

அப்போ இது யாருக்கு? டிராயர் பக்கப் பலகை, பீடிங், போட்டோ ஃபிரேம் சட்டம் என்று ஒரே அகலத்தில் நிறைய அறுக்கிறவர்களுக்கு. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்த தச்சர் அண்ணன் ஒருவர் மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி, பிளைவுட் மேசைக்கு அடியில் கவிழ்த்துப் போட்டு அறுப்பார். மூடி கிடையாது, ரிவிங் நைஃப் கிடையாது, ஃபென்ஸ் என்பது ஒரு ரீப்பர் கட்டையும் ரெண்டு ஆணியும். அதோடு ஒப்பிட்டால் இந்த 16,000 ரூபாய் மெஷின் ரொம்ப மேல். இதை அவரிடம் காட்டினேன். மூலமட்டத்தை ஃபென்ஸ் மேல் வைத்துப் பார்த்தவர், "நம்ம ரீப்பர் கட்டை இப்படி ஓடாதே தம்பி" என்றார்.

பிளேடை மாற்றலாம், ஸ்விட்சை மாற்றலாம், மேசையை நீட்டலாம். ஃபென்ஸையும் ரிவிங் நைஃபையும் மாற்ற முடியாது, முடிந்தாலும் அந்தச் செலவில் நல்ல மெஷினே வாங்கிவிடலாம். ஆகவே கடையில் போய்ப் பார்க்க முடிந்தால் அந்த இரண்டை மட்டும் பாருங்கள், வாட் கணக்கைப் படிக்கவே வேண்டாம். இந்த மெஷினை நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவனிடம் அப்படிச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பழைய பிளேடையும் ரிவிங் நைஃபையும் திரும்ப மாட்டி, ஃபென்ஸின் பின்முனையை ஒரு சி கிளாம்ப் போட்டு இறுக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினேன். போன வாரம் போன் பண்ணினான். புத்தக அலமாரிக்குப் பதினாலு பட்டை அறுத்தானாம், பதிமூன்று ஒரே அகலம். ஒன்றில் கிளாம்ப் போட மறந்துவிட்டானாம்.