பிரதியின் உரிமையும் ஜெராக்ஸ் கடையும்

ஆசிரியன் செத்துவிட்டான் என்று ரோலன் பார்த் எழுதியது 1967இல். அந்தச் சாவுச் செய்தி தமிழுக்கு வந்து சேர இருபது வருடம் பிடித்தது. வந்தபிறகு சிறுபத்திரிகைகளில் நடந்த ரகளை தெரிந்ததுதான்: பிரதி என்றார்கள், வாசகன் என்றார்கள், அர்த்தம் யாருக்கும் சொந்தமில்லை என்றார்கள். எல்லாம் சரி. தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் அதன் பின்னால் சாகாமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர், அதாவது பதிப்புரிமையாளர், அவரைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. இத்தனைக்கும் ஆசிரியன் என்பது என்ன என்று 1969இல் ஃபூக்கோ பேசியபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்து சொத்தாக மாறிய கதையையும் சேர்த்தேதான் பேசினார். நாம் மொழியை எடுத்துக்கொண்டு சொத்தை விட்டுவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது.

விட்ட இடத்திலிருந்து அந்தக் கேள்வியைத் தூக்கிவந்தது எந்தக் கோட்பாட்டாளரும் அல்ல, ஒரு ஜெராக்ஸ் கடை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் தில்லிப் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஷ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ். 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும் அந்தக் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. கேட்ட நஷ்டஈடு 60 லட்சம். குற்றம் என்னவென்றால், பாடத்திட்டத்தில் குறித்திருந்த இயல்களைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்து, ஒன்றாகக் கட்டி, 'கோர்ஸ் பேக்' என்று மாணவர்களுக்குக் கொடுத்தது. பக்கத்துக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. ஐ.ஆர்.ஆர்.ஓ. என்ற அமைப்பிடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு பணம் கட்டி நகலெடுக்கலாமே என்றன பதிப்பகங்கள். அக்டோபரில் இடைக்காலத் தடையும் கிடைத்தது.

இதில் எழுதியவர்கள் எங்கே நின்றார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். முந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களும் அறிஞர்களும் வழக்கை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். யாருடைய எழுத்து திருடப்பட்டதாகப் பதிப்பகங்கள் புகார் சொன்னதோ, அவர்களிலேயே பலர் அதில் உண்டு. அமர்த்தியா சென்னும் பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதினார். செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்கள் எழுந்துவந்து 'எங்களை யாரும் கொல்லவில்லை' என்று சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் வழக்கு நிற்கவில்லை. எழுத்து அவர்களுடையது, உரிமை எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை தெய்வம் கொடுத்ததோ இயற்கையாக முளைத்ததோ அல்ல, அது சட்டம் ஒரு நோக்கத்துக்காக உண்டாக்கியது என்பது தீர்ப்பின் சாரம். தம் படிப்புக் காலத்தில் மாணவர்கள் முறைவைத்து நூலகத்தில் உட்கார்ந்து பக்கம்பக்கமாகக் கையால் எழுதியதையும் அவர் நினைவுகூர்கிறார். கையால் செய்தால் தப்பில்லாதது மெஷினால் செய்தால் எப்படித் தப்பாகும்? 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை மீறல் இல்லை என்கிறது. (தமிழில் எழுதுகிறவரும் ஆசிரியர், பாடம் நடத்துகிறவரும் ஆசிரியர். செத்தது ஒருத்தர், பாத்தியதை இன்னொருத்தருக்கு!) டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு இதை இன்னும் கூர்மையாக்கியது: இத்தனை பக்கம்தான் என்ற அளவு கிடையாது, பாடத்துக்குத் தேவையா என்பதே கேள்வி. சேர்த்த பகுதிகள் உண்மையில் தேவைதானா, முழுப் புத்தகத்தை நகலெடுக்கலாமா ஆகிய இரண்டையும் விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டன. ஐ.ஆர்.ஆர்.ஓ.வின் மேல்முறையீட்டு மனுவை அந்த மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்த இடத்தில் நம்முடைய 'பிரதி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 'டெக்ஸ்ட்' என்பதற்குத்தான் அதைப் போட்டோம். ஆனால் தனிப்பிரதி இன்ன விலை என்று அட்டையில் அச்சடிக்கிறபோது அது வெறும் நகல். 'படி' இன்னும் விசேஷம்: வாசி என்பதும் படி, நகலும் படி. சொல் விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. ஓலை செல்லரித்துப்போகும். யாராவது உட்கார்ந்து புது ஏட்டில் பெயர்த்து எழுதாவிட்டால் நூலே போச்சு. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஒப்பிட்டுப் பார்த்த ஏடுகளெல்லாம் இப்படிப் படியெடுத்தவர்களின் கைவேலைதான். நகல்தான் இங்கே மூலத்தைக் காப்பாற்றியது. அதற்காக ஏட்டுக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. எந்த வீட்டில், எந்த மடத்தில் ஏடு இருக்கலாம், யார் அதைத் தொடலாம் என்று தீர்மானித்தது சாதி. தடுப்பதற்குச் சட்டமே தேவைப்படவில்லை.

தில்லித் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் பார்க்காமல் விடுவதும் இந்தத் தொடுகிற பிரச்சினையைத்தான். நகலெடுக்கும் சுதந்திரம் இங்கே வாசகனுக்குத் தரப்படவில்லை, மாணவனுக்குத் தரப்பட்டிருக்கிறது. அதே பிரிவில் சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இடம் உண்டு, ஆனால் அது 'நியாயமான கையாளுகை' என்ற நிபந்தனையோடு வருகிறது. உள்ளே இருக்கிறவனிடம் தேவையா என்று கேட்கிற சட்டம், வெளியே நிற்கிறவனிடம் எவ்வளவு என்றும் கேட்கும். எம்.ஏ. முடித்துவிட்டு ஏதோ ஒரு ஊரில் டியூஷன் எடுத்துக்கொண்டு ஃபூக்கோ படிக்கிறவன் யாருடைய கற்பித்தலின் போக்கில் படிக்கிறான்? அவன் அதை மொழிபெயர்த்துப் பத்திரிகையில் போட்டால் நிலைமை இன்னும் மோசம், மொழிபெயர்ப்பும் உரிமையாளரின் சொத்து. எழுதி அனுமதி வாங்கித்தான் கோட்பாட்டை இறக்குமதி செய்தோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய சிறுபத்திரிகைகள் எத்தனை?

நம்மூர்ச் சின்னப் பதிப்பகங்களின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. முந்நூறு பிரதி போட்டு நாலு வருடம் காத்திருப்பவரின் ஆய்வுநூலைப் பல்கலைக்கழக வாசலில் முழுசாக ஜெராக்ஸ் போட்டால், அதை ஆக்ஸ்ஃபோர்டின் நஷ்டத்தோடு ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. முழுப் புத்தகம் பற்றிய கேள்விக்கு அந்த வழக்கில் பதில் வராமலே போனது இவருக்குத்தான் இழப்பு. பெரிய பதிப்பகங்களுக்கு வேறு வழி திறந்துவிட்டது.

அது 'ஒரே நாடு ஒரே சந்தா'. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். 2025 முதல் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது சர்வதேசப் பதிப்பாளர்கள், கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்கள். ஜெராக்ஸ் கடை வாசலில் கிடைக்காத லைசென்ஸ் பணம் கஜானா வழியாகப் போகிறது, அதுவும் நாம் கட்டிய வரியில். டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸும் பட்டியலில் இருக்கிறது. ஆய்விதழ் வேறு, புத்தக இயல் வேறு என்பது உண்மைதான். அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் திட்டம் அறிவிக்கப்பட்டது மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும். சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் அதில் இல்லை. எந்தக் கல்லூரியிலும் இல்லாமல் படித்துக்கொண்டிருக்கிற நம் வாசகரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவர் இன்னும் யாராவது நண்பரின் பாஸ்வேர்டைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.