கடல் கடந்த பாசறையும் முல்லை மரபும்

தலைவன் மேற்கொள்ளும் பிரிவுகளை வகுத்துரைத்த தொல்காப்பியர், அவற்றுக்கு எல்லையும் வகுத்தார். வேந்தன் பொருட்டு ஏற்கும் பணிக்கு ஓராண்டுக்கு உட்பட்ட காலமே கற்பியலில் அளவாகக் கூறப்படுகின்றது. கல்விக்கு மூன்றாண்டு வரை இடந்தந்த ஆசிரியர், போர்த்தொழிலுக்கு ஓராண்டே தந்தார் என்பது நினையத்தக்கது. இக்கால எல்லையோடு வேறு இரண்டு வரையறைகளும் உள. பாசறையில் தலைமக்கள் மனைவியரோடு உறைதல் மரபன்று என்பது ஒன்று. கடல்வழிச் செலவில் மனைவியை உடன்கொண்டு போதல் மரபன்று என்பது மற்றொன்று.

காலம், பாசறை, கடல் ஆகிய இம்மூன்று வரையறைகளையும் ஒருங்கே கடந்து நிற்கும் வாழ்க்கை ஒன்று இன்று நம்மிடையே உளது. கூடலூர் முதல் தேனி வரை முல்லையாற்றின் இரு மருங்கும் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களுள் ஒன்றிலிருந்து படைப்பணிக்குச் சென்றான் ஒருவன். அவனுக்கு அந்தமான் தீவில் பணியிடம் அமைகின்றது. இரண்டு மூன்று ஆண்டுகள் அங்கே இருத்தல் வேண்டும். மனைவியும் மக்களும் உடன் செல்கின்றனர். இவ்வாழ்க்கை எத்திணையின்பாற்படும்? படைவீரன் குடும்பம் என்றவுடனே ‘முல்லை’ எனக் கூறி அமைதல் திறனாய்வாளரிடை வழக்கமாயிற்று. முல்லையாவது காத்திருத்தல், காத்திருப்பவள் மனைவி என்பதே அக்கூற்றின் அடிப்படை. மனைவி உடன் சென்றவிடத்து அவ்வடிப்படை நில்லாது. ஆகவே, முல்லை மரபு இங்கு முற்றும் ஒழிகின்றதா, அன்றி வேறோர் உருக்கொள்கின்றதா என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

முதற்கண் அவ்வரையறைகளின் இயல்பை நோக்குவோம். முந்நீர் வழக்கம் பற்றிய நூற்பாவில் உரையாசிரியர் கருத்து வேறுபடுகின்றது. இளம்பூரணர் முந்நீர் என்பதற்குக் கடல் என்றே பொருள் கொண்டார். நச்சினார்க்கினியரோ அதனை மூன்று நீர்மை எனப் பிரித்து, ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவிலும் தலைவி உடன் செல்லாள் என உரைத்தார். முந்நீர் என்னும் சொல் சங்கச் செய்யுட்களில் கடலையே குறித்துப் பயின்று வருதலின், இளம்பூரணர் உரையே நேரியது என்பது நம் துணிபு. ஆயினும், எவ்வுரையைக் கொள்ளினும் பயன் ஒன்றே: தலைவி இல்லத்தில் நிற்பாள்.

இது வாழ்க்கைக்கு இட்ட தடையா, செய்யுளுக்கு வகுத்த நெறியா என்பது அடுத்த வினா. செய்யுள் நெறியே என்பதற்குச் சான்றுகள் உள. பாசறையில் பெண்ணை விலக்கிய ஆசிரியரே, அதனை அடுத்த நூற்பாவில், அகத்திணைத் தலைமைக்குப் புறமானோர்க்கு அது பொருந்தும் என்று இடந்தந்தார். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளே உடைய சிறிய பாட்டு. அதன் பாசறைப் பகுதியிலேயே, கச்சில் குறுவாள் பூண்ட மகளிர் இரவில் விளக்கேற்றித் திரிதலைக் காண்கிறோம். ஆகவே பாசறையில் பெண் இல்லாமல் இல்லை; தலைவிதான் இல்லை. அவள் இல்லத்தில் நின்றாலன்றி அப்பாட்டுக்கு இரண்டு களம் இல்லை. இல்லத்தில் துயிலாத ஒருத்தி, பாசறையில் துயிலாத ஒருவன், இடையே கார்காலம் என்னும் அமைப்பே முல்லைப்பாட்டின் உயிர். புலவன் தன் கலைக்கு வேண்டிய இடைவெளியையே இலக்கணம் நெறியாக்கிற்று.

இந்நெறியைக் கொண்டு அண்மைக்கால வரலாற்றை அளந்து பார்த்தால், தமிழ்ப் படைவீரர்க்குத் தீவுப்பணி இருவகையாக அமைந்தமை புலனாகும். ஒன்று ஈழம். 1987 ஜூலையில் இந்திய அமைதிப்படை இலங்கை சென்றது. 1990 மார்ச்சில் மீண்டது. அது போர்க்களப் பணி ஆதலின் குடும்பங்கள் உடன் செல்லவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் அங்கே உயிரிழந்தனர். மனைவி இல்லத்தில், கணவன் கடலுக்கு அப்பால் என்னும் நிலையில் முல்லை மரபு அங்கே மாறாது பொருந்துகின்றது. ஓராண்டு எல்லை மட்டுமே மீறப்பட்டது. எனினும் ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. முல்லைப்பாட்டின் பாசறையில் அயன்மொழியாளர் உளர்; மன்னனின் பள்ளியறையைக் காப்போர் பேச்சின்றிச் சைகையால் உணர்த்துவோர். ஈழத்தில் நின்ற தமிழ் வீரனோ, எதிர்ப்பக்கத்திலிருந்து தன் தாய்மொழியையே கேட்டான். இவ்வவலத்துக்குப் பழைய பாசறைப் பாட்டில் உவமை இல்லை.

மற்றொன்று அந்தமான் நிக்கோபார். முப்படைகளையும் ஒரு தலைமையின்கீழ் இணைத்த படைத்தலைமையகம் அங்கே 2001இல் அமைந்தது. அதன் இருப்பிடமாகிய போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தெற்கே பெரிய நிக்கோபார்த் தீவின் காம்பெல் விரிகுடாவில் கடற்படை விமானத்தளம் 2012இல் தொடங்கப்பெற்றது. அத்தீவிலேயே 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன என்பதும் குறிக்கத்தக்கது. இன்றைய படைத்துறை, குடும்பத்தோடு உறையத்தக்க இடம், உறையத்தகாத இடம் எனப் பணியிடங்களை இருவகைப்படுத்துகின்றது. பாசறைக்குத் தொல்காப்பியர் வகுத்த வேறுபாட்டைப் படைத்துறை தன் தேவையால் தானே வகுத்துக்கொண்டது எனலாம். குடும்பக் குடியிருப்பு உள்ள இடத்துக்கு மனைவி செல்கிறாள். சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைக் கடந்து, பல மொழியினர் வாழும் குடியிருப்பில் புதிய அடுப்பை மூட்டுகிறாள்.

இவள் வாழ்க்கையைப் பாடிய செய்யுள் சங்க இலக்கியத்தில் இல்லை. ஆனால் இவளை நோக்கும் பார்வை உண்டு. குறுந்தொகை 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. மணமகளின் புதுமனைக்குச் சென்று மீண்ட செவிலி, தான் கண்டதை நற்றாய்க்கு உரைப்பதாக அமைந்தது. கட்டித் தயிரைத் தன் விரலாற் பிசைந்தாள், அவ்விரலை ஆடையில் துடைத்து, அவ்வாடையோடே நின்றாள், தாளிப்பின் புகை கண்ணிற் பட்டது, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்டான், அவள் முகம் மலர்ந்தது, அம்மலர்ச்சியும் நுண்ணியது. பாட்டு இவ்வளவே.

இப்பாட்டில் ஊர் இல்லை, மலை இல்லை, ஆறு இல்லை. அடுக்களை ஒன்றே உண்டு. இயற்கையைப் பாடுதலில் வல்ல சங்கப் புலவர் மரபில் வந்த ஒருவர், புதிய இடத்தின் இயற்கையை முற்றும் விலக்கினமைக்குக் காரணம் என்ன? கேட்பவள் தாய் என்பதே காரணம். மகள் சென்ற நாட்டின் அழகு தாய்க்கு வேண்டியதன்று. சமைக்கப் பழகாத கை சமைத்ததா, சமைத்ததை அவன் உண்டானா, உண்டபோது அவள் முகம் எவ்வாறு இருந்தது என்பனவே வேண்டியவை. கேட்போரின் நெஞ்சறிந்து காட்சியைத் தெரிந்தெடுத்தலே இப்பாட்டின் சிறப்பு. ஆடையைத் துவைக்காமையும் கண் கலங்கினமையும் குறைகள் அல்லவோ எனின், அல்ல. அவற்றை மறையாது உரைத்தமையாலேயே இறுதியிற் கூறும் மகிழ்ச்சியைத் தாய் நம்புகிறாள்.

இதனோடு ஒப்பிடத்தக்கது ஐங்குறுநூற்றின் 203ஆம் பாட்டு. கபிலர் பாடிய அதில், கணவன் நாட்டினின்றும் தாய்வீடு வந்த மகளே பேசுகிறாள். விலங்கு உண்டு எஞ்சிய கலங்கல் நீராயினும், அவன் நாட்டு நீர், நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலினும் இனிது என்கிறாள். மகள் தன் வாயாற் கூறும்போது மிகைப்படுத்துகிறாள். செவிலி கூறும்போது அளந்து கூறுகிறாள். தாயின் கவலைக்கு மருந்தாவது அளந்த சொல்லே.

ஐங்குறுநூற்றைத் தொகுத்தவரும் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் எனப்படுகிறார். அத்தொகையுள் பேயனார் பாடிய முல்லை நூறு, செவிலி கூற்றுப் பத்தில் தொடங்குகின்றது. பாசறைப் பத்து அதனுள் ஐந்தாவதாக வருகின்றது. கணவனும் மனைவியும் புதல்வனும் கூடியிருக்கும் இல்லக்காட்சி முன்னும், பாசறைத் தனிமை பின்னும் நிற்றல் காண்க. எனவே முல்லையின் இருத்தல் என்பது காத்திருத்தல் மட்டும் அன்று. இல்லறம் நடத்தி இருத்தலும் ஆம். இதனால் நம் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. தீவுக்கு உடன்சென்ற மனைவியின்பால் முல்லை ஒழியவில்லை. அவள் இல்லறம் நடத்தி இருக்கிறாள். ஒழிந்தது அவளுடைய காத்திருத்தலே. அதுவும் அழியவில்லை, தாயின்பாற் சென்று சேர்ந்தது. முல்லையின் இரு கூறுகளும் மனைவிக்கும் தாய்க்கும் எனப் பிரிந்தன. பள்ளத்தாக்கில் வாயிற்படி நோக்கி நிற்பவள் தாய். அவள் ஒருத்தியே மகளுக்கும் மருமகனுக்கும் பேரர்க்குமாகக் காத்திருக்கிறாள்.

இக்கிழாரின் ஊர் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே எனத் துணிவார் உளர். கூடலூர் என்னும் பெயருடைய ஊர்கள் பல ஆதலின் அத்துணிவுக்குச் சான்று போதாது. நம் கருத்து அதனைச் சார்ந்ததும் அன்று. அந்நிலத்துத் தாய்மார் இன்று இருக்கும் நிலையை அவர் பாட்டு விளக்குகின்றது என்பதே நாம் கொள்வது.

இனி, கடலை விலக்கிய நெறியைப் பழமை என இகழ்ந்து விடலாகாமைக்கு ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கியது. கார் நிக்கோபார் விமானப்படை நிலையத்தின் குடியிருப்பில் படைவீரரோடு அவர்தம் மனைவியரும் மக்களும் மாண்டனர். முல்லை மரபில் இடர் கணவனுக்கு, ஏக்கம் மனைவிக்கு எனப் பகுக்கப்பட்டிருந்தது. உடன்சென்ற வாழ்வில் இடரும் பொதுவாயிற்று. பகையின்றி, போரின்றி, பாசறையின் குடும்ப இல்லத்திலேயே சாவு நேர்ந்தது.

இச்சாவுக்கு நம் மரபில் எவ்விடம் உளது? தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த தமிழிப் பொறிப்புடைய நடுகற்கள், நாம் அறிந்த நடுகற்களுள் மிகப் பழையன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளோடு தொடர்புடைய வீரன் ஒருவனுக்கு எடுத்தது. களத்திற் பட்ட ஆடவனுக்குக் கல் உண்டு. புறத்திணையில் பாட்டு உண்டு. பணியிடத்துக்குக் கணவனைத் தொடர்ந்து சென்று, அடுக்களையில் நின்றவாறே அலையிற் பட்ட பெண்ணுக்குப் புறத்திணையில் துறை இல்லை. அவளைப் பாடும் கடமை ஒப்பாரிக்கே எஞ்சியது.

ஒப்பாரி ஏட்டில் நிற்பதன்று. பாடுவோர் நாவில் நிற்பது. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தோர் படைவீரர் குடும்பத்துத் தாய்மாரின் கூற்றைத் தனிப்பொருளாகக் கொண்டு தொகுத்தமை அரிது. 1987இல் மகனை ஈழத்துக்கு அனுப்பிய தாய் இன்று முதுமையின் எல்லையில் இருப்பாள். மகளையும் பேரரையும் தீவுக்கு அனுப்பி, அவர் எழுதிய கடிதங்களைப் பெட்டியில் வைத்துக் காப்பவளும் மூத்து வருகிறாள். கம்பம் பள்ளத்தாக்கிலும் அதுபோன்ற பிற பகுதிகளிலும் முதுகலை மாணவர் களத்தில் இறங்கி, இவர்தம் பாடலையும் பேச்சையும் கடிதங்களையும் பதிவு செய்தல் வேண்டும். அங்ஙனம் தொகுக்கும்போது கூடலூர் கிழார் காட்டிய நெறியை மறத்தலாகாது. வீரம், தியாகம் என்னும் பெருஞ்சொற்களைத் தேடாது, பிசைந்த தயிரையும் புகைபட்ட கண்ணையும் தேடுதல் வேண்டும்.

தொல்காப்பியர் தம் காலச் செய்யுள் வழக்கை நோக்கி இலக்கணம் செய்தார். உடன்செல்லும் மனைவிக்கும் காத்திருக்கும் தாய்க்கும் உரிய துறையை வகுத்தற்கு முன், அவர்தம் கூற்றுக்கள் நம் கையில் இருத்தல் வேண்டும். கூற்றின்றித் துறை வகுத்தல் இயலாது. அக்கூற்றைச் சொல்ல வல்லார் இன்னும் உளர். அவர் உள்ளபோதே கேட்டல் கடன்.