மக்கள் பகைவன் யார்?

நார்வே நாடகாசிரியர் இப்சன் 1882-இல் வெளியிட்ட 'மக்கள் பகைவன்' நாடகத்தில், நோயாளிகள் நலம் நாடி வந்து நீராடும் குளியலகத்தின் நீர் தோல் ஆலைக் கழிவால் நஞ்சாகியிருப்பதை அதன் மருத்துவர் ஸ்டாக்மன் கண்டறிகிறார். உண்மையுரைத்த அவருக்குக் கிடைப்பது பணிநீக்கம். ஆசிரியையான மகளும் வேலை இழக்கிறாள். அவர் பேச வீடு தந்த கப்பல் தலைவர் ஹார்ஸ்டரும் பணி இழக்கிறார். ஒருவரைத் தண்டிப்பது பலரை ஊமையாக்கவே என்பதை இப்சன் நன்கு உணர்த்துகிறார்.

ஆனால், இறுதியில் தம் தனிமையையே வலிமையென மருத்துவர் பெருமிதம் கொள்வது நெருடுகிறது. வீடிழந்த அக்குடும்பத்துக்குப் புகலிடம் அளிப்பவரும் ஹார்ஸ்டரே அன்றோ! இக்கதையை 1989-இல் 'கணசத்ரு' எனப் படமாக்கிய சத்யஜித் ராய், மருத்துவருக்கு ஆதரவாக இளைஞர் குரல் எழுவதாக முடித்தார். அதுவே நிறைவான முடிவு. மருத்துவமனைத் தவற்றைச் சுட்டிக்காட்டும் செவிலிக்குத் துணிவு மட்டும் போதாது. அருகில் நிற்க ஒரு ஹார்ஸ்டரும் வேண்டும்.