கறுப்பாக இருந்தால்தான் கருங்காலியா?

கிடார் தயாரிப்பாளர் பாப் டெய்லர் 2012-ல் வெளியிட்ட வீடியோவை மறுபடி பார்த்தேன். கேமரூன் காட்டில் பத்துக் கருங்காலியை வெட்டினால் ஒன்றுதான் முழுக் கறுப்பாம். வரியோடிய மிச்சத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஃப்ரெட்போர்டுக்கு வேண்டியது கம்பி உரசினாலும் சீக்கிரம் தேயாத கடினம். நிறத்துக்கு அதில் என்ன வேலை? வரிப் பலகையையும் வாங்குங்கள் என்கிறார், சரிதான். ஆனால் 2011-ல் அவருடைய கம்பெனி அங்கே ஒரு மர ஆலையில் பங்கு வாங்கியிருக்கு. வரிப் பலகை விற்றால் அவருக்கும் லாபம். அதையும் மனசில் வைத்துக்கொண்டுதான் கேட்கணும்.

இருந்தாலும் அவரைக் குறை சொல்ல வாய் வரலை. என் முதல் கிடாருக்குப் பலகை வாங்கப் போனபோது கடைக்காரர் நாலைந்து வரிப் பலகைகளை எடுத்துக் காட்டினார். நான் தொட்டுக்கூடப் பார்க்கலை.