லைரியன் மியூசிக் சர்வர்: ஒரு மதிப்பீடு

லைரியன் மியூசிக் சர்வர், வீட்டு நாஸ் கருவியில் சேமித்த பாடல்களை வீட்டின் பல அறைகளிலும் ஒலிக்கச்செய்யும் கட்டற்ற மென்பொருள். நாஸ் என்பது வீட்டிலுள்ள கணினிகளும் கைப்பேசிகளும் வலையமைப்பு வழியாகப் பகிர்ந்துகொள்ளும் சேமிப்பகம். நேவிட்ரோம், ஜெல்லிஃபின், பிளெக்ஸ், மினிம்சர்வர் ஆகியவையும் இப்பணிக்கு உதவுபவை. இவை பெரும்பாலும் வசதிகளின் எண்ணிக்கையைக் கொண்டே ஒப்பிடப்படுகின்றன. ஆனால் பல ஆண்டுகள் சேர்த்த பாடல் தொகுப்பு உடையவருக்கு, உருவாக்கிய நிறுவனம் விலகினால் என்ன ஆகும் என்பதே முதன்மையான கேள்வி.

வரலாறு

அமெரிக்காவின் ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் 2001-இல் ஸ்லிம்பி3 என்ற பிளேயரை வெளியிட்டது. அதற்குப் பாடல்களை அனுப்பும் சர்வர் மென்பொருள் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. அதன் மூலநிரல் திறந்திருந்தது. 2006-இல் லாஜிடெக் அந்நிறுவனத்தை வாங்கியது. மென்பொருள் பல பெயர்கள் மாறி லாஜிடெக் மீடியா சர்வர் ஆனது. 2012-இல் ஸ்குவீஸ்பாக்ஸ் பிளேயர்களின் வரிசை கைவிடப்பட்டது. மூலநிரல் திறந்திருந்ததால் தன்னார்வலர்கள் பணியைத் தொடர்ந்தனர். 2024-இல் லாஜிடெக் தன் இணையச் சேவையை மூடியபோது, அதை நம்பியிருந்த வசதிகளுக்கு மாற்று தேவைப்பட்டது. நாஸில் இருந்த பாடல்கள் வழக்கம்போல் ஒலித்தன. அதே ஆண்டில் லைரியன் என்ற பெயர் வந்தது.

நிறைகள்

லைரியன் திறன் குறைந்த நாஸ் கருவிகளிலும் இயங்கும். பல அறைகளில் ஒரே பாடலை ஒத்திசைவாக ஒலிக்கச்செய்வது இதன் தனிச்சிறப்பு. பழைய ஸ்குவீஸ்பாக்ஸ் இல்லாதவர்கள் பைகோர்பிளேயர் நிறுவிய ராஸ்பெரி பை கணினியைப் பிளேயராக்கலாம். பாடல் பட்டியல்கள் எம்3யு கோப்புகளாகச் சேமிக்கப்படுவதால் வேறு மென்பொருளுக்கும் எடுத்துச்செல்லலாம்.

பாடல்களைக் கோப்புறை வாரியாகவும் பார்க்க முடிவது மற்றொரு நன்மை. நேவிட்ரோம் கோப்புக்குள் உள்ள டேக் குறிப்புகளைக் கொண்டே பாடல்களை அடுக்குகிறது. பழைய தமிழ்த் திரைப்பாடல் கோப்புகள் பலவற்றில் பாடகர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இணையதளத்தின் பெயர் இருக்கும். இசையமைப்பாளர் இடம் காலியாக இருக்கும். அத்தகைய தொகுப்பு டேக் வழியே மட்டும் பார்த்தால் சிதறிப்போகும்.

குறைகள்

லைரியனின் அமைப்புப் பக்கங்கள் புதியவரைக் குழப்பும். இது வீட்டுக்குள் கேட்பதற்காக உருவானது; நேரடியாக இணையத்தில் திறந்துவைக்கும் அளவுக்குப் பாதுகாப்பு இதில் இல்லை. வெளியிலிருந்து கேட்க விபிஎன் தேவை. ஒரு பாடலை எத்தனை முறை கேட்டோம் என்பது போன்ற விவரங்கள் இதன் தரவுத்தளத்தில் தங்கிவிடுகின்றன. மென்பொருளை மாற்றும்போது அவற்றை இழக்க நேரலாம்.

பயணத்தில் கைப்பேசியில் கேட்பவருக்கு நேவிட்ரோம் பொருத்தம். அது சப்சோனிக் ஏபிஐயைப் பின்பற்றுவதால், அதே முறையை ஏற்கும் பல செயலிகளுடன் இயங்கும். 2016-இல் சப்சோனிக் தன் மூலநிரலை மூடிய பிறகும் அந்த ஏபிஐ பிற திட்டங்களில் தொடர்கிறது.

மதிப்பீடு

அறைகளில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்கும் வீட்டுக்கு லைரியன் சிறந்த தேர்வு. கைப்பேசியே முதன்மை என்றால் நேவிட்ரோம் நன்று. எதைத் தேர்ந்தாலும், டேக் குறிப்புகளைக் கோப்புகளிலேயே திருத்திவைப்பது நல்லது. மென்பொருளுக்குள் மட்டும் செய்த திருத்தம் அதனோடு போய்விடும். கோப்பில் செய்த திருத்தம் அடுத்த மென்பொருளுக்கும் பயன்படும்.