‘தென்’ என்ற இரண்டெழுத்து

2009இல் பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்து தமிழ் விக்கிப்பீடியாவில் என் முதல் திருத்தத்தைச் செய்தேன். ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றிய ஒரு வரி. ‘தென்னிந்தியாவின் முதல்’ என்று இருந்ததில் ‘தென்’னைத் தூக்கிவிட்டேன். இந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம் என்று ஆகிவிட்டது. ஆதாரம் என் மாமா. “இந்தியாவுலயே மொத ஸ்டேஷன் நம்ம ராயபுரம்தான்டா” என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பத்து நிமிடத்தில் ‘தென்’ திரும்பி வந்துவிட்டது. மாற்றியவர் எழுதிய குறிப்பு ஒரே சொல்: ‘ஆதாரம்?’ எனக்கு ரோஷம் வந்து உரையாடல் பக்கத்தில் எதையோ எழுதினேன். மறுநாள் அவர் பொறுமையாகப் பதில் போட்டிருந்தார். பயணிகள் ரயில் என்றால் 1853இல் பம்பாய், தானே. ராயபுரம் 1856. சரக்கையும் சேர்த்துக்கொண்டால் 1837இலேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கல் ஏற்றிவர ஒரு ரயில்பாதை இருந்தது. ராயபுரத்தின் பெருமை வேறு. இந்தியாவில் இன்றும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் அதுதான் பழையது. ‘இன்றும் நிற்கிற’ என்ற இரண்டு சொல்லை விட்டால் உண்மை பொய்யாகிவிடும் என்று முடித்திருந்தார்.

அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் என் கல்லூரியில் நான்கு வருடத்தில் எந்த ஆசிரியரும் ஒரு பெயரடைக்காக என்னோடு இவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் ரயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்த ஆளுக்கு இதுக்குக் காசு தர்றாங்களா?” என்றார். இல்லை என்றேன். “பேர் போடுவாங்களா?” கட்டுரையில் போடமாட்டார்கள். “அப்புறம் எதுக்குடா ராத்திரில உட்கார்ந்து இத செய்றான்?”

இந்தக் கேள்விக்கு வழக்கமாக மேடையில் சொல்லும் பதில் ‘அறிவைப் பகிர்தல்’. தமிழ்நாட்டில் என்றால் அதோடு ‘தமிழ்த்தொண்டு’ம் சேர்ந்துகொள்ளும். பதினைந்து வருடமாக விட்டுவிட்டுத் தொகுத்துவருபவன் என்ற முறையில் எனக்கு இந்த இரண்டு பதிலிலும் நம்பிக்கை இல்லை. தொண்டு செய்ய வருபவர் ஒரு கட்டுரை எழுதுவார், படம் எடுத்துப் போட்டுக்கொள்வார், போய்விடுவார். மறுபடி மறுபடி வருகிறவரைக் கூட்டிவருவது எரிச்சல். தப்பாக இருக்கும் ஒரு வரியைக் கடந்துபோக முடியாத எரிச்சல். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயர் தப்பாக அச்சாகியிருந்தால் வருமே, அதே வகை.

கலிபோர்னியாவில் ஒரு மென்பொருள் பொறியாளர். ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘காம்ப்ரைஸ்டு ஆஃப்’ என்ற தொடர் இலக்கணப் பிழை என்பது அவர் கருத்து. அதை மட்டும் தேடித்தேடி 2015க்குள் சுமார் 47,000 முறை நீக்கியிருந்தார். அந்தத் தொடர் பிழையே இல்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவரைப் பற்றிப் படித்தபோது பலர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. எங்கள் தொழிலில் அடுத்தவர் நிரலில் தேவையில்லாத ஒரு வெற்றிடம் இருந்தால்கூடக் கை அரிக்கும்.

இந்த அரிப்பு இணையத்தோடு வந்ததல்ல. ஆ. சிங்காரவேலு முதலியார் ‘அபிதான சிந்தாமணி’யை 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் கொண்டுவந்தார். பள்ளி ஆசிரியர், ஒற்றை ஆள். புத்தகம் வந்துவிட்டது, பேரும் வந்துவிட்டது, நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 1931இல் இறக்கும்வரை சேர்த்துக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருந்தார். விரிந்த இரண்டாம் பதிப்பு 1934இல்தான் வந்தது, அவர் பார்க்கவில்லை. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954இல் தொடங்கியது. அதன் கடைசித் தொகுதி 1968இல் வந்தது, அது ஓர் இணைப்புத் தொகுதி. முந்தையவற்றில் விட்டுப்போனதையும் மாறிப்போனதையும் சேர்க்கப் போட்ட புத்தகம். அச்சுக்காரர்களின் ‘தொகு’ பொத்தான் அதுதான். அழுத்தினால் வேலை செய்யப் பல வருடம் ஆகும், அவ்வளவே வித்தியாசம்.

‘தொகு’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கலாம். விக்கிப்பீடியாவின் பொத்தானுக்கு இந்தப் பெயரை வைத்தவர் வேண்டுமென்றே வைத்தாரா என்று தெரியாது, ஆனால் நன்றாக வைத்திருக்கிறார். திருத்து என்று வைத்திருந்தால் ஒருவர் எழுத இன்னொருவர் பிழை பார்ப்பது மாதிரி இருந்திருக்கும். தொகு என்றால் எட்டுத்தொகை வரை போகலாம். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. புறநானூற்றுக்கு இரண்டு பெயருமே கிடைக்கவில்லை. எந்தப் பாட்டு உள்ளே வரவேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்த அந்த ஆள் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. அவர் விட்ட பாட்டுகள் எவை? அதற்கு வரலாற்றுப் பக்கம் இல்லை.

விக்கிப்பீடியாவின் சிறந்த இலக்கியம் அதன் கட்டுரைகளில் இல்லை, ‘வரலாற்றைக் காட்டவும்’ என்ற இணைப்புக்குப் பின்னால் இருக்கிறது என்பது என் கட்சி. கட்டுரைகள் பெரும்பாலும் சுவாரசியமற்றவை. குறிப்பாகத் தமிழில். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த வாசனை போகாத உரைநடை, ஊர்க் கட்டுரைகளில் மக்கள்தொகைக் கணக்கை நிரப்பிய அச்சுவார்ப்பு. ஆனால் வரலாற்றையும் உரையாடல் பக்கத்தையும் திறந்தால் ஆட்கள் தெரிகிறார்கள். ஜனவரியா சனவரியா? கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா? அங்கே சனவரியும் சூலையும் ஜெயித்துவிட்டன. (நான் பிறந்தது ஜூலையில். சூலையில் அல்ல. இந்த வழக்கில் நான் தோற்ற கட்சி.) கிரிக்கெட் அங்கே துடுப்பாட்டம். என் தெருவில் எந்தப் பையனும் துடுப்பாட்டம் ஆடியதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது அன்றாடச் சொல். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது அதைத் தூக்கி நிறுத்திய இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர், அமீரகத்தில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர். நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரு களஞ்சியத்தைக் கட்டும்போது தங்கள் சொல்லையும் வைத்துக் கட்டினார்கள். தமிழ்நாட்டுக்காரன் முதன்முறையாகத் தன் தமிழ் மட்டுமே தமிழ் அல்ல என்று ஒரு பொது இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள நேர்ந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். அந்தப் பொது இடத்தின் பெயர் ‘ஆலமரத்தடி’. அங்கே நடக்கும் சண்டைகள் பெயருக்கேற்றவை.

காசு கொடுத்தும் பார்த்தார்கள். 2009 வாக்கில் கூகுள் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் கொண்டுவந்து கொட்டியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. ஆனால் எழுதியவர் திரும்பி வந்து பார்க்கவில்லை, பிழையைச் சுட்டினால் பதில் இல்லை. துப்புரவு வேலை தன்னார்வலர் தலையில் விழுந்தது. இதைப் பற்றி அ. ரவிசங்கர் 2010இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் விளக்கமாகவே பேசினார். 2018க்குப் பிறகு வந்த ‘வேங்கைத் திட்டம்’ போன்ற போட்டிகள் அதைவிட மேல், எழுதியவர்கள் தமிழ்ச் சமூகத்துக்குள் இருந்தவர்கள். ஆனாலும் எண்ணிக்கைக்காகப் பிறந்த கட்டுரைகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. பிறந்த நாளுக்குப் பிறகு அவற்றின் வரலாற்றில் தானியங்கிகள் மட்டுமே வந்துபோயிருக்கும்.

2022இல் ஜெயமோகன் முன்னெடுத்த தமிழ் விக்கி வேறு வழியில் போகிறது. ஆசிரியர் குழு உண்டு, கண்டவரும் வந்து கைவைக்க முடியாது. இலக்கியம், பண்பாடு பற்றித் தேடும்போது நானும் முதலில் அங்கேதான் போகிறேன். விக்கிப்பீடியாவில் மூன்று வரியில் முடங்கிக் கிடக்கும் எழுத்தாளருக்கு அங்கே வாழ்க்கை வரலாறு இருக்கிறது. படிக்க அது மேல். ஆனால் 2009இல் நான் போயிருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன். ‘தென்’னைத் தூக்கத் தெரிந்த மடையனை உள்ளே விட்டு, பிறகு அவனோடு பேசவும் செய்கிற இடம் வேறு.

வடசென்னையில் இருப்பவனுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். எங்கள் பகுதியைப் பற்றிய ஆவணங்களை எப்போதும் வேறு யாரோ தொகுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருந்தது. பிறகு மாநில அரசு காட்டிய வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிமுகம் காணாமல் போயிருந்தது என்று 2017இல் மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் ஆவணத்தோடு வந்து நின்றார்கள். ஒரு ஆற்றின் வாயை யாரோ நீக்கியிருக்கிறார்கள். எந்தத் தேதியில், யார், என்ன காரணத்துக்காக? விக்கிப்பீடியாவில் ஒரு கால்புள்ளியை எடுத்தால்கூட இந்த மூன்றில் முதல் இரண்டும் பதிவாகும், மூன்றாவதை எழுதக் கட்டமும் இருக்கும்.

அதே 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு ஒன்றும் இல்லை என்றுதான் முதல் அறிவிப்பு. அடுத்த சில நாளில் எர்ணாவூர்க் கரையில் மாணவர்களும் மீனவர்களும் வாளியில் எண்ணெய்ச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அறிவித்த டன் கணக்கும் நாளுக்கு நாள் ஏறியது. புதிய எண் வந்ததும் பழைய எண்ணை யாரும் சொன்னதே இல்லை என்பதுபோல நடந்துகொள்வது அதிகாரத்தின் வழக்கம். களஞ்சியத்தில் அந்த வசதி கிடையாது. பழைய எண் வரலாற்றுப் பக்கத்தில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். 2020 ஜூனில் ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு மாற்றி 1,018 இடங்களுக்கு அரசாணை வந்தது. தண்டையார்பேட்டையின் ஆங்கிலப் பெயர் ஒரே நாளில் நீண்டுபோனது. சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆலமரத்தடியில் கேட்டிருந்தால் ஆறு மாதம் சண்டை போட்டிருப்பார்கள், ஆனால் திரும்பப் பெற வேண்டியிருந்திருக்காது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, எனக்குத் தீராத ஒரு வழக்கைச் சொல்லாமல் விடமுடியாது. ‘ஆதாரம்?’ என்ற அதே சொல்தான். அச்சில் வந்ததே ஆதாரம், சொந்த ஆய்வு கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டால் என் மாமாவின் ராயபுரம்தான் அங்கே நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணூர் கழிமுகத்தில் எந்த இறால் எந்த வருடத்தோடு வராமல் போனது என்று நாற்பது வருடம் அங்கே வலை போட்டவருக்குத் தெரியும். அவர் சொன்னால் செல்லாது. ஒரு நிருபர் அவரிடம் கேட்டு, பத்திரிகையில் ஒரு பத்தி வந்தால் செல்லும். எழுதப்பட்ட இடங்களைப் பற்றி மேலும் எழுதலாம், எழுதப்படாத இடம் அப்படியே கிடக்கும். 2011இல் அச்சல் பிரபாலா என்பவர் முன்னின்று, வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து மேற்கோளாகத் தரலாமா என்று ஒரு முயற்சி நடந்தது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் செய்து பார்த்தார்கள். பொது விதியாக அது ஆகவில்லை. வாய்மொழியைச் சரிபார்ப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானதுதான். அச்சில் வந்ததை மட்டும் எப்படிச் சரிபார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மாமா திருவொற்றியூர்த் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையின் பெயர் இப்போது மெட்ரோ நிலையத்தில் இருக்கிறது. 2021இல் ரயில் விம்கோ நகர் வரை வந்த பிறகு, விம்கோ என்றால் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்று என் மகளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. போன பொங்கலுக்கு மாமாவை உட்காரவைத்துக் கைப்பேசியில் நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். மருந்து முக்கும் பிரிவில் என்ன வாசனை வரும், சங்கு எத்தனை மணிக்கு ஊதும், அதை வைத்துத் தெருவில் எந்த வீட்டில் உலை வைப்பார்கள், எல்லாம் இருக்கிறது. இடையில் ஒருமுறை ஆண்டைத் தப்பாகச் சொல்லி, “இல்ல இல்ல, அது அடுத்த வருஷம், உங்க அத்தைக்கு அப்பதான் உடம்பு சரியில்ல” என்று அவரே திருத்திக்கொண்டார்.

பதிவின் முடிவில், “இத அதுல போட்டுருவியா?” என்று கேட்டார். போட முடியாது என்பதற்கு விளக்கம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்த ஸ்டேஷன் மேட்டர் மட்டும் இன்னொரு தடவ மாத்திப் பாரேன்” என்றார்.